பட்டாளத்தாரின் அளவுக் குச்சி

பம்பரத்துக்கு அன்று காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்கு என்றைக்குத்தான் இருப்புக் கொண்டது என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றாலும் அவள் விரல் நிற்காது. ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். அவள் நடக்கப் பழகிய நாளிலேயே அப்பா வைத்த பெயர் அது. ஆனால் இன்றைய தவிப்பு வேறு. சாயங்காலம் நாலு மணிக்கு ஜெபக்கூடத்தில் அப்பாவுக்கு நினைவுக் கூட்டம். ஊரில் பாதி வருகிறது. கட்டாயம் வந்தாக வேண்டிய ஒரே ஒரு மனுஷர் மட்டும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அப்பாவை எல்லோரும் பட்டாளத்தார் என்பார்கள். இளவயதில் பட்டாளத்தில் இருந்தார், திரும்பி வந்து தச்சு வேலை பார்த்தார், சாகிற வரைக்கும் உளியைக் கீழே வைக்கவில்லை. பள்ளிக்கூடத்து பெஞ்சு ஆடினாலும் ஆஸ்பத்திரிக் கட்டில் கிறீச்சிட்டாலும் யாரும் வந்து கூப்பிட வேண்டியதில்லை. காதில் விழுந்தால் போதும், சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டுக் கிளம்பிவிடுவார். காது என்றால் ஒரு காதுதான். மற்றது சண்டையில் வெடிச் சத்தத்தோடு போய்விட்டது. அதனால் தன் குரல் எவ்வளவு பெரிசு என்பது அவருக்கே தெரியாது. விடிந்ததும் பட்டறையில் மண்டி போட்டு, முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு ஜெபம் பண்ணுவார். தெருக்கோடி வரை கேட்கும். யார் வீட்டுப் பையன் பரீட்சையில் கோட்டை விட்டான், எந்த வாத்தியாருக்கு மூலம், எல்லாம் தெருவுக்குத் தெரிந்தது அப்படித்தான். வாத்தியார் ஒரு நாள் நேரில் வந்து, "ஐயா, எனக்காக வேண்டிக்காதீங்க, வலியே தேவலை" என்று கையெடுத்துக் கும்பிட்டார். யாருக்காக வேண்டினாலும் கடைசி வரி மட்டும் என்றைக்கும் மாறாது: "ஆண்டவரே, எங்க வீட்டு வாசப்படிய நீர்தான் பாத்துக்கணும்." திருடன் வராமல் இருக்கக் கேட்கிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

வர மாட்டேன் என்றவர் ரேடியோ மாமா. பட்டாளத்தில் அப்பாவோடு இருந்தவர்; ரேடியோப் பெட்டியை முதுகில் சுமந்தவர். வாயைத் திறந்தால் மூட மாட்டார் என்பதால் பெயர் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. கண்ணிவெடியில் அவருக்கு இரண்டு காலும் போயிற்று. குண்டு விழுந்துகொண்டிருந்த இடத்திலிருந்து அவரை இழுத்து வந்தவர் அப்பா. அதன் பிறகு வாரம் தவறாமல் ஜெபக்கூடத்து வாசலில் மாமாவின் சக்கர நாற்காலி வந்து நிற்கும். அப்பா அவரை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி, படியேறி, தான் செய்த பெஞ்சிலேயே உட்கார வைப்பார். தலை நரைத்து முதுகு வளைந்த பிறகும் இன்னொருவர் கை வைக்க இரண்டு பேருமே விடவில்லை.

காலையில் பம்பரம் போனில் கெஞ்சிப் பார்த்தாள்.

"நானும் அண்ணனும் தூக்கறோம் மாமா. நான் என்ன நோஞ்சானா? பஸ்ஸே ஓட்டறேன்."

"வேணாம்மா. உங்கப்பன் தூக்கினா நான் ஆளு. வேற யாராவது தூக்கினா நான் மூட்டை. இந்த வயசுல மூட்டையா வர எனக்கு இஷ்டமில்ல."

"நீங்க இல்லாம என்ன கூட்டம் மாமா அது?"

"நல்ல கூட்டமாத்தான் இருக்கும். சத்தம் கம்மியா இருக்கும்" என்று வைத்துவிட்டார்.

போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள் பம்பரம். அண்ணன் ஏற்கெனவே பேசுவதற்கு எழுதி வைத்துவிட்டான். 'பொறுமையின் சிகரம்' என்று ஆரம்பிக்கிறது. பொறுமையாம்! ஆணி வளைந்தால் சுத்தியலையே விட்டெறிகிற மனுஷனைப் பற்றி! அப்பா எப்படிப்பட்டவர் என்று முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் ரேடியோ மாமா. அவர் இல்லாமல் இன்று என்ன பேசினாலும் அது வேறு யாருடையவோ நினைவுக் கூட்டமாகத்தான் இருக்கும். அவரை எப்படியாவது அந்தக் கூடத்துக்குள் கொண்டு வந்தாக வேண்டும்.

வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்து நடந்து அலுத்து, கடைசியில் வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறைக்குள் போனாள். அடக்கத்துக்குப் பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. மரத்தூள் வாசனை மூக்கில் ஏறியதும் கண் கரித்தது. அழுதால் நேரம் வீணாகும் என்று எதையாவது இழுத்துப் போட்டுச் சுத்தம் பண்ணலாமென மூலையில் இருந்த தார்ப்பாயை உருவினாள்.

அடியில் பலகைகள். அறுத்து, இழைத்து, துளை போட்டு, திருகாணிகளைத் துணியில் முடிந்து மேலே வைத்திருந்தார். சில பலகைகளின் குறுக்கே வழுக்காமல் இருக்க மெல்லிய சட்டங்கள் அடித்திருந்தன. எல்லாவற்றின் மீதும் பென்சில் கோடுகள். பம்பரத்துக்கு அந்தக் கோடுகள் தெரியும். அப்பா எந்த வேலைக்கும் பலகைகளைச் சேர்த்து வைத்து மேலே பெரிதாக ஒரு முக்கோணம் போடுவார். பிரித்துப் போட்டாலும் கவலையில்லை. முக்கோணம் மறுபடி கூடும்படி வைத்தால் பலகையும் சரியாகக் கூடிவிடும். சின்ன வயதில் அவளை உட்கார வைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி பலகைகளைக் கலைத்துப் போட்டு முக்கோணத்தைச் சேர்க்கச் சொல்வதுதான்.

தரையிலேயே சேர்த்துப் பார்த்தாள். ஒரு முனை ஒல்லி, மறுமுனை உயரம். சரிவுப் பலகை! சக்கர நாற்காலி ஏறுகிற சரிவுப் பலகை!

கட்டிலில் கிடந்த போனை ஓடிப் போய் எடுத்தாள்.

"மாமா! உங்களுக்கு அப்பா சரிவுப் பலகை செஞ்சு வச்சிருக்காரு மாமா! இன்னைக்கு உங்களை யாரும் தூக்க வேணாம். நீங்களே வண்டிய உருட்டிட்டு உள்ள வரலாம்."

மறுமுனையில் சத்தமே இல்லை. ரேடியோ மாமா பேசாமல் இருந்து அவள் கேட்டதே கிடையாது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள்.

"நெசமாவா சொல்றே?" என்றார் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "அவனா? எனக்கா? சரி. வரேம்மா. நாலு மணிக்கு அங்க இருப்பேன்."

பம்பரம் பலகைகளை அள்ளிக்கொண்டு வாசலுக்கும் பட்டறைக்கும் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"என்னடி இது?"

"ரேடியோ மாமாவுக்கும்மா. கூடத்துப் படிக்கு."

அம்மாவின் முகம் சுண்டிப் போயிற்று. "அதானே பாத்தேன். நெஞ்சு வலியோட ராப்பகலா இழைச்சுக்கிட்டு இருந்தாரு. எனக்கு ஒரு அலமாரி கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. சாகறப்பவும் அந்த மனுஷனுக்குத்தான் வேலை பாத்துட்டுப் போயிருக்காரு."

அம்மாவுக்கு ரேடியோ மாமாவோடு பழைய பகை. பம்பரம் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் மாமா ஒரு நாள் இந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, "என்னை எதுக்குடா இழுத்துட்டு வந்தே? அங்கயே விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?" என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கத்திவிட்டார். அவரைக் காப்பாற்றப் போய்த்தான் புருஷனின் ஒரு காது போயிற்று என்ற ஆத்திரத்தில் அம்மா, "நன்றிகெட்ட ஆளு. இனிமே இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். காலே இல்லாத மனுஷனைப் பார்த்து! சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. வாயில் வந்த வார்த்தையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? அன்றிலிருந்து மாமா கேட்டைத் தாண்டியதில்லை. சாயங்காலம் வருவார், தெருவில் நாற்காலியை நிறுத்துவார், அப்பா உள்ளேயிருந்து இரண்டு தம்ளர் டீ எடுத்துக்கொண்டு போவார். இரண்டையும் போட்டு அடுப்பு மேடையில் வைப்பது அம்மாதான். யாருக்கு என்று அவள் சொன்னதும் இல்லை, அப்பா கேட்டதும் இல்லை.

"நீ கூட்டத்துக்கு வரியா இல்லியா?" என்றாள் பம்பரம்.

"என் புருஷன் கூட்டத்துக்கு நான் வராம? வரேன். போ, உன் வேலையப் பாரு."

அண்ணன் இரவல் வாங்கி வைத்திருந்த சின்ன லாரியில் பலகைகளை ஏற்றி, பஸ் ஓட்டுகிற வேகத்திலேயே ஓட்டிக்கொண்டு போனாள். பலகைகளோடு கிடந்த ஒரு குச்சியும் கூடவே வந்தது. அப்பா டேப்பை நம்ப மாட்டார். "டேப்பு எண்ணைக் காட்டும், குச்சிதான் இடத்தைக் காட்டும்" என்பார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புதுக் குச்சி. வேலை நடக்கிற இடத்திலேயே அதை வைத்து உயரத்துக்கு ஒரு வெட்டு, அகலத்துக்கு ஒரு வெட்டு. வேலை முடிந்தால் குச்சி அடுப்புக்குப் போய்விடும். எந்த வேலைக்கு எந்தக் குச்சி என்று அவர் எழுதி வைத்ததே இல்லை. எல்லாம் அவர் தலைக்குள்.

ஜெபக்கூடத்து வாசலில் போதகர் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் பேச்சை மனப்பாடம் பண்ணிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பம்பரம் அவனைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து பலகையைப் பிடிக்க வைத்தாள். முக்கோணம் கூடியது. திருகாணிகள் துளைக்குள் வெண்ணெயாக இறங்கின. முடித்து நிமிர்ந்தபோது பலகை அவ்வளவு அழகாக இருந்தது. அண்ணன்கூட ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு அதைத் தடவிப் பார்த்தான். மூன்று பேருமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் படியில் வைத்தார்கள்.

எட்டவில்லை.

கூடத்து வாசல் தொடை உயரம். பலகை முழங்காலோடு நின்றுவிட்டது. இப்படித் தள்ளி, அப்படித் திருப்பி, அடியில் செங்கல் கொடுத்து, என்னென்னவோ பண்ணிப் பார்த்தார்கள். செங்கல் கொடுத்தால் பலகை செங்குத்தாக நின்றது. அதில் நாற்காலி ஏறினால் மாமா பின்பக்கமாகத் தெருவுக்கே போய்விடுவார். பம்பரம் குச்சியை எடுத்து நிறுத்திப் பார்த்தாள். வெட்டும் முழங்காலோடுதான் இருந்தது. பலகை குச்சிக்குச் சரி. குச்சிதான் தப்பு.

"கடைசி காலத்துல அப்பாவுக்குக் கண்ணு மங்கிடுச்சுல்ல. பாவம், அளவு தப்பிடுச்சு" என்றான் அண்ணன்.

"வாயக் கழுவு! அப்பாவுக்கா? அளவா?" என்று சீறினாள். ஆனால் குச்சியை இன்னொரு தடவை நிறுத்திப் பார்த்தாள். வாழ்நாள் பூராவும் ஒரு மயிரிழை பிசகாத மனுஷன், கடைசியாகச் செய்தது தப்பாகவா போக வேண்டும்? அதையும் ஊர் பார்க்கும்படியா?

போதகர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான் ஒரு தடவை அவர்கிட்ட இங்க சரிவு போடலாமேன்னு கேட்டேன்மா. வேணாம்னாரு. 'இங்க தூக்க நான் இருக்கேன். நான் போனாலும் கூடம் நெறைய ஆளு இருக்கு. தூக்க ஆளே இல்லாத வாசல்தான் எனக்குக் கவலை'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

பம்பரத்துக்கு அதை யோசிக்க நேரமில்லை. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. மாமாவைக் கூப்பிட்டு வராதீர்கள் என்று சொல்வதா? நாக்கு எப்படி எழும்? பட்டறையில் இன்னும் கட்டை கிடக்கிறது, எடுத்து வந்து அடியில் கொடுத்து எப்படியாவது நீட்டிவிடலாம் என்று அண்ணனையும் போதகரையும் பலகைக்குக் காவல் வைத்துவிட்டு, குச்சியும் கையுமாக லாரியில் ஏறினாள்.

வீட்டு வாசலில் அம்மா நல்ல துணி உடுத்தி, கைப்பையோடு தயாராக நின்றிருந்தாள். பம்பரம் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தபோது போன் அடித்தது. எடுப்பதற்காகக் குச்சியை வாசல்படியோடு சாத்தினாள்.

"கிளம்பிட்டேம்மா. வண்டியில ஏறியாச்சு" என்றார் ரேடியோ மாமா. "புதுச் சட்டை. உங்கப்பன் இருந்தா கிண்டல் பண்ணியே கொன்னுருப்பான். பலகை தயாரா?"

பம்பரத்தின் கண் படியில் நின்றுவிட்டது. குச்சியின் முதல் வெட்டு வாசற்படியின் மேல் விளிம்புக்கு நேராக நின்றது. நேர் என்றால் நேர், நகம் நுழையாது. "வாங்க மாமா" என்று மட்டும் சொல்லிப் போனை அணைத்தாள். குனிந்து குச்சியை வாசல் நிலைக்குக் குறுக்கே படுக்க வைத்தாள். இரண்டாவது வெட்டு இந்தப் பக்கத்துக் கட்டையைத் தொட்டபோது முனை அந்தப் பக்கத்துக் கட்டையைத் தொட்டது.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வண்டி ஓட்டிய நேரம் போக, காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அளவு தப்பலம்மா. பலகை கூடத்துக்கு இல்ல. இந்த வாசலுக்கு."

அம்மா குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அந்த முனைய நான்தான் பிடிச்சேன்" என்றாள்.

"எப்போ?"

"அவரு படுக்கறதுக்குக் கொஞ்சம் முந்தி. 'நிலையக் கரையான் அரிச்சிருக்கு, மாத்தணும், இந்த முனையக் கொஞ்சம் பிடி'ன்னாரு. கரையான் எங்கன்னு கேட்டேன். இருக்கு இருக்குன்னாரு. என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. பொய் சொல்லத் தெரியாத மனுஷன்." அம்மா குனிந்து குச்சியின் முனையைத் தொட்டாள். "தினமும் காலையில வாசப்படி வாசப்படின்னு கத்துவாரே. ஆண்டவர்கிட்ட இல்லடி அது. எங்கிட்டக் கேட்டிருக்காரு. நான் செவிடி மாதிரி உள்ள டீ போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

சொல்லிவிட்டு விம்மி அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் இப்படி அழவில்லை. பம்பரம் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் அம்மாவே அவளை விலக்கி, முகத்தைத் துடைத்து, கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"வண்டிய எடு. அவர் வந்து அந்தப் படியில நின்னு அவமானப்படக் கூடாது."

போகிற வழியில் பம்பரம் போதகர் சொன்னதையும் மாமா தன்னை மூட்டை என்றதையும் அம்மாவிடம் சொன்னாள். எவ்வளவு பறந்தும் மாமா முந்திக்கொண்டார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூடத்து வாசலில் கூட்டம் கூடி நின்றது. நடுவில் புதுச் சட்டையில் ரேடியோ மாமா. எதிரே, படிக்கு எட்டாத பலகை. அண்ணன் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். பம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள்.

"பரவாயில்ல விடும்மா" என்றார் அவர், அவளைப் பார்த்ததும். "வயசாயிடுச்சுல்ல அவனுக்கு. அளவு தப்பினா என்ன, நெனச்சானே, அது போதும். நான் இப்படியே வெளியில இருந்து கேட்டுட்டுப் போறேன். எனக்கு வெளியில நிக்கறது புதுசா என்ன?"

நாற்காலியைத் திருப்பப் பார்த்தார். சக்கரத்தின் மேல் ஒரு கை வந்து விழுந்தது. அம்மாவின் கை.

"அளவு தப்பல அண்ணே" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இந்தப் பலகை எங்க வீட்டு வாசலுக்கு அடிச்சது. இங்க உங்களத் தூக்க ஆளு இருக்குன்னு அவருக்குத் தெரியும். எங்க வீட்லதான் இல்ல. அதான்."

மாமா அவளைப் பார்த்தார்.

"அன்னைக்குப் படிய மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். யாரப் பாத்து எதைச் சொன்னேன்! அந்த வார்த்தை இத்தனை வருஷமா என் தொண்டையிலயே நிக்குது. மன்னிச்சிருங்க அண்ணே."

"நானும்தான் சொல்லக்கூடாததச் சொன்னேன், தங்கச்சி." மாமா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. உங்க பேச்ச நான் மீறல. இன்னைக்கு வரைக்கும் மிதிக்கல. இனியும் மிதிக்கப் போறதில்ல. உருண்டுதான் வருவேன்."

அழுதுகொண்டே சிரித்துவிட்டாள் அம்மா. கூட்டத்தில் யாரோ சத்தமாகவே சிரித்தார்கள். மூலம் வாத்தியாராக இருக்கலாம்.

"இப்ப உங்கள நாங்க தூக்கப்போறோம்" என்று அம்மா குனிந்து நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "மூட்டைன்னு சொன்னீங்கன்னா கெட்ட கோவம் வரும் எனக்கு. டேய், நீ அந்தப் பக்கம் பிடி. பம்பரம், பின்னால வா."

போதகரும் வந்து கை கொடுத்தார். மாமா கனமாகத்தான் இருந்தார். அப்பா இத்தனை வருஷம் இதைத் தனியாகவா தூக்கினார் என்று பம்பரத்துக்கு மலைப்பாக இருந்தது. படியேறி உள்ளே போனதும் மாமாவை முன்வரிசையில், அப்பா செய்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அண்ணன் எழுந்து 'பொறுமையின் சிகரம்' என்று ஆரம்பித்தான்.

"யாரு? அவனா?" என்றார் ரேடியோ மாமா உரக்க. கூடமே குலுங்கியது. அண்ணன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "மாமா, நீங்களே சொல்லுங்க" என்று உட்கார்ந்துகொண்டான். நல்ல காரியம் பண்ணினான். அதற்குப் பிறகு மாமாவை யார் நிறுத்துவது? அப்பா அழுதது, பயந்தது, குண்டு விழுகிற நேரத்தில் ஒரு கையால் அவரை இழுத்துக்கொண்டே கடவுளிடம் சண்டை போட்டது, அந்தக் கூடத்தில் யாரும் கேள்விப்படாததெல்லாம் வெளியே வந்தது. பம்பரம் கடைசி வரை அசையாமல் உட்கார்ந்து கேட்டாள்.

கூட்டம் முடிந்ததும் பலகையைக் கழற்றாமல் அப்படியே லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். இன்னும் முழுசாக இருட்டவில்லை. வாசலில் இறக்கி வைத்தபோது ஒரு தள்ளுகூடத் தள்ள வேண்டியிருக்கவில்லை. உயர்ந்த முனை படியோடு படியாக உட்கார்ந்தது; தாழ்ந்த முனை கேட்டுக்குச் சற்று முன்னால் மண்ணைத் தொட்டு நின்றது. மாமா கேட்டுக்கு வெளியே, தன் பழைய இடத்தில், பழக்கதோஷத்தில் நாற்காலியை நிறுத்தியிருந்தார்.

"அங்க என்ன பண்றீங்க? உள்ள வாங்க" என்று கத்திவிட்டு அம்மா அடுப்பங்கரைக்குள் போனாள்.

மாமா சக்கரத்தைத் தள்ளினார். பம்பரம் பிடிக்கக் கை நீட்டினாள். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். சட்டங்களின் மேல் சக்கரம் தடதடவென்று ஏறியது. நிலைக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி இருந்தது. உள்ளே வந்து நடுவீட்டில் நின்று, எங்கே போவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். பம்பரம் மேசைக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவின் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தாள்.

அம்மா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். கையில் சர்க்கரை டப்பா.

"சர்க்கரை எவ்வளவு போட அண்ணே? எனக்குத் தெரியாதே."

ரேடியோ மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தனை வருஷமா போட்டுக் குடுத்தீங்களே தங்கச்சி, அதே அளவுதான்."